நிறுத்தவும் சொல்லிக்கொடுங்கள்: திருகோணமலையின் நிரலாக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும்,

திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கமும் நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிற எல்லோரையும் எண்ணி இதை எழுதுகிறோம். வளாகமோ, தொழிற்பயிற்சி நிலையமோ, மாலை நேர வகுப்போ, எங்களுக்கு வித்தியாசம் இல்லை. நாங்கள் மென்பொருள் பராமரிக்கிறவர்கள். மாணவர் எழுதிய புரோகிராம் ஒரு கடையிலோ விடுதியிலோ ஓடத் தொடங்கிய பிறகுதான் எங்கள் கைக்கு வரும்.

கேட்க வந்தது ஒன்றுதான். இறுதிச் செயற்றிட்டத்துக்கு நீங்கள் இடுகிற 100 புள்ளியில் 15 புள்ளியை, மென்பொருளின் ஒவ்வொரு கூறும் நிறுத்தும்போது திறந்ததை எல்லாம் மூடிவிட்டு ஒழுங்காக நிற்கிறதா என்று பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். ஓடுகிறதா என்று பார்க்க மிச்சம் 85 இருக்கிறது.

கூறு கூறாகப் பிரித்து எழுத வேண்டும் என்பதை எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறீர்கள். குறுஞ்செய்திக்கு ஒரு மொடியூல், பில் அச்சிட ஒன்று, அறிக்கைக்கு ஒன்று. பிரிப்பதன் பலனே ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டலாம் என்பதுதான். ஆனால் கழற்றிப் பார்த்த மாணவர் மிகக் குறைவு. செய்முறைப் பரீட்சையில் அவர் புரோகிராமைத் தொடங்குவார், பத்து நிமிடம் காட்டுவார், சன்னலை மூடுவார். மூடிய கணமே இயங்குதளம் நினைவகத்தையும் திறந்த கோப்புகளையும் சொக்கெட்டுகளையும் (வலையமைப்பு இணைப்பின் முனைகள்) வழித்துத் துடைத்துவிடும். குறை வெளியே வராது. அதே புரோகிராம் விடுதியில் மாதக்கணக்காக நிற்காமல் ஓடும். அங்கே துடைக்க யாரும் இல்லை. எந்த ஒரு நிலையத்தையும் சுட்டி இதைச் சொல்லவில்லை. பாடநூல்களே இப்படித்தான் எழுதப்படுகின்றன: தொடங்குவதற்கு ஓர் அத்தியாயம், முடிப்பதற்கு ஓர் அடிக்குறிப்பு.

ஒரு சாதாரண உதாரணம். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு மாணவர் ஒருவர் பதிவு மென்பொருள் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகப்புத் திரையில் எந்த அறை காலி என்று காட்ட 5 விநாடிக்கு ஒரு தடவை சேர்வரைக் கேட்கும் டைமர் ஒன்று. திரையைத் திறக்கும்போது டைமர் தொடங்கும். வேறு திரைக்குப் போகும்போது அதை நிறுத்துகிற வரி மட்டும் இல்லை. வரவேற்பு மேசையில் இருப்பவர் ஒரு நாளில் 40 தடவை அந்தத் திரைக்கு வந்து போகிறார். மாலையில் 40 டைமர்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. 5 விநாடிக்கு 40 கேள்வி என்றால் விநாடிக்கு 8. ஒரே ஒரு கணினி, ஒரே ஒரு ஆள். சேர்வர் திணறும்; பழி 'இன்டர்நெட் ஸ்லோ' என்பதன் மேல் விழும். மறுநாள் காலையில் கணினியை அணைத்துப் போட்டதும் எல்லாம் சரி. அதனால்தான் இந்த வகைக் குறை ஆண்டுக்கணக்காக உயிர் வாழ்கிறது: 'ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ' என்பதே மருந்தாகிவிடுகிறது.

அதே மென்பொருளின் சேர்வர்ப் பக்கம் வேறு விதமாக விழும். ஜாவாவில் தரவுத்தள இணைப்புகளுக்குப் பலர் ஹிகாரி என்ற இணைப்புக் குளத்தை (இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிர்ந்து கொடுக்கும் நூலகம்) பயன்படுத்துகிறார்கள். சொல்லாமல் விட்டால் அது 10 இணைப்பு பிடிக்கும், பிடித்த 10ஐயும் திறந்தே வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் சொல்லாமல் விட்டால் மொத்தம் 100 இணைப்பு தரும். அதில் 3 தரவுத்தள மேலாளர் (சூப்பர்யூசர்) கணக்குக்கென ஒதுக்கப்பட்டவை. அறிக்கை மொடியூலை மறுபடி ஏற்றும் ஒவ்வொரு தடவையும் புதிய குளம் திறந்து, பழையதை மூடாமல் விட்டால் ஒன்பது ஏற்றத்தில் 90 போய்விடும். பத்தாவது குளத்துக்கு 7தான் கிடைக்கும். பதினோராவது தடவை 'மிச்ச இடம் மேலாளருக்கு ஒதுக்கப்பட்டது' என்று தரவுத்தளம் கதவைச் சாத்தும். மாணவர் பார்ப்பது கடைசிப் பிழையை. அதனால் தரவுத்தளத்தின் எல்லையை 100இலிருந்து 500 ஆக்குவார். குறை போகாது, கொஞ்சம் தள்ளிப் போகும். (மேலாளர் கணக்கிலேயே புரோகிராமை ஓட விடுகிறவர்களுக்கு அந்த 3உம் சேர்ந்து போய்விடும், பிறகு உள்ளே நுழைந்து என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வழி இருக்காது. அது தனிக் கண்டிப்புக்குரிய பழக்கம்.)

கோப்புகளும் அப்படியே. லினக்ஸில் ஒரு செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளின் மென் எல்லை (சொஃப்ட் லிமிட்) வழக்கமாக 1024. சொக்கெட்டும் அந்தக் கணக்கில்தான். ஒரு குறுஞ்செய்திக்கு ஒரு சொக்கெட் மூடாமல் விடுபட்டால், ஆயிரம் குறுஞ்செய்தி போன பிறகு 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'. விசித்திரம் என்னவென்றால், அப்போது விழுவது குறுஞ்செய்தி மொடியூலாக இருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கோப்புத் திறக்கப் போன எதுவும் விழும். பில் அச்சிடும் மொடியூல் விழுந்தால், ஒரு குற்றமும் செய்யாத அச்சு நிரலை மாணவர் இரண்டு நாள் துருவிக்கொண்டிருப்பார்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை வகுப்பிலேயே உடைக்க வேண்டும். 'ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் குப்பை சேகரிப்பான் (பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் பகுதி) இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்.' குப்பை சேகரிப்பான் பொறுப்பேற்பது நினைவகத்துக்கு மட்டும். கோப்பும் சொக்கெட்டும் த்ரெட்டும் (புரோகிராமுக்குள் தனியே ஓடும் இழை) டைமரும் அதன் பொறுப்பில் இல்லை. பொருளை அழிக்குமுன் ஓட வேண்டிய ஜாவாவின் ஃபைனலைஸ் முறையை நம்பி எழுதிய பழைய நோட்ஸ் இன்னும் சுற்றுகிறது. 2017இல் ஜாவா 9 அதைக் கைவிடப்பட்டதாக அறிவித்தது, 2022இல் ஜாவா 18 அதை நீக்கப்போவதாகவே குறித்துவிட்டது. எப்போது ஓடும் என்று தெரியாத, ஓடுமா என்றே தெரியாத ஒன்றில் கோப்பை மூடும் வரியை வைக்கக்கூடாது. 2011இல் ஜாவா 7 தந்த ட்ரை-வித்-ரிசோர்சஸ், சி ஷார்ப்பின் யூசிங், பைதனின் வித், கோ மொழியின் டிஃபர், சி பிளஸ் பிளஸின் அழிப்பான்: முதல் பாடம் இவற்றில் தொடங்கட்டும். ஒரு செயற்கூறுக்குள் (ஃபங்ஷன்) திறந்து அதற்குள்ளேயே மூடுகிறவற்றுக்கு இவை போதும்.

இவை போதாத இடத்தில்தான் கூறுகளின் சிக்கல் தொடங்குகிறது. மொடியூல் ஒன்று காலையில் திறந்ததை மாலையில்தான் மூடப்போகிறது. நடுவில் நூறு செயற்கூறுகள் வந்து போகும். அதற்கு ஓர் ஆயுட்கால ஒழுங்கு வேண்டும்: உருவானது, தொடங்குகிறது, ஓடுகிறது, நிற்கிறது, நின்றது, தோற்றது. இந்த ஆறு நிலையையும் மாணவர் வரைபடமாக வரைந்து, எந்த நிலையிலிருந்து எதற்குப் போகலாம் என்று அம்புக்குறி போடட்டும். 'தொடங்குகிறது', 'நிற்கிறது' என்ற இரண்டு இடைநிலைகளையும் பெரும்பாலானோர் விட்டுவிடுவார்கள். குளறுபடி எல்லாம் அந்த இரண்டுக்குள்தான். தொடங்கி முடியுமுன் நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும்? நிற்கும்போதே இன்னொருவர் நிறுத்தச் சொன்னால்? தொடங்காததை நிறுத்தினால்? நிறுத்து என்ற கட்டளையை இரண்டு தடவை கொடுத்தாலும் பலன் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது தடவை பேசாமல் திரும்பிவிட வேண்டும்.

பாதித் தொடக்கத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாங்கள் பார்க்கிற கசிவுகளில் அதிகம் கண்ணில் படாதது இதுதான். மொடியூல் தரவுத்தளத்தைத் திறந்தது. அடுத்து அச்சுப்பொறியைத் திறக்கப் போனது, அச்சுப்பொறி அணைந்து கிடந்தது, பிழை. தொடக்கம் தோற்றுவிட்டது, ஆகவே 'நிறுத்து' அழைக்கப்படாது. ஓடாததை ஏன் நிறுத்துவான்? ஆனால் தரவுத்தள இணைப்பு திறந்தே கிடக்கிறது. மேலே இருக்கிற சட்டகம் (மொடியூலைத் தொடங்கி நிறுத்தும் ஃபிரேம்வேர்க்) 30 விநாடிக்கு ஒரு தடவை மறுபடி முயன்றால், 30 விநாடிக்கு ஒரு கசிவு.

இதற்குப் பழைய, நம்பகமான வழி ஒன்று உண்டு. ஒன்றைத் திறந்த அடுத்த வரியிலேயே அதை மூடும் கட்டளையை ஓர் அடுக்கில் (ஸ்டாக்) போட்டுவிட வேண்டும்:

அடுக்கு ← வெறுமை
தளம் ← தரவுத்தளத்தைத் திற
அடுக்கில் இடு: தளத்தை மூடு
அச்சு ← அச்சுப்பொறியைத் திற
அடுக்கில் இடு: அச்சுப்பொறியை மூடு
டைமரைத் தொடங்கு
அடுக்கில் இடு: டைமரை நிறுத்து
இடையில் பிழை வந்தால்: அடுக்கை மேலிருந்து அவிழ், பிழையை அழைத்தவருக்கு அனுப்பு
நிறுத்து: அடுக்கை மேலிருந்து அவிழ்

தோற்ற தொடக்கத்துக்கும் முறையான நிறுத்தத்துக்கும் அவிழ்க்கும் நிரல் ஒன்றே. கடைசியில் திறந்தது முதலில் மூடும். டைமர் நிற்குமுன் தரவுத்தளம் மூடி, டைமர் செத்த இணைப்பில் போய் விழுகிற கூத்து நடக்காது. பைதனில் எக்ஸிட்ஸ்டாக் என்ற பெயரில் இது தயாராகவே இருக்கிறது. லினக்ஸ் கருவின் (கேர்னல்) டிரைவர்களில் பிழை வந்தால் கோட்டூ (வேறு வரிக்குத் தாவும் கட்டளை) போட்டுப் படிப்படியாகக் கீழிறங்கி விடுவிக்கும் ஏணியும் இதே கருத்துதான். கோட்டூ என்றால் முகம் சுளிக்கிற ஆசிரியர்கள் அந்த ஏணியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுளிக்கட்டும்.

அவிழ்க்கும்போது ஒரு கவனம். நடுவில் ஒரு மூடல் பிழை எறிந்தால் மிச்சத்தைக் கைவிடக்கூடாது. பிழையைச் சேர்த்து வைத்துக்கொண்டு மற்றவற்றையும் மூடிவிட்டு, கடைசியில் எல்லாப் பிழையையும் ஒன்றாகச் சொல்ல வேண்டும். பதிவேடு (லொக்) எழுதும் கூறை எல்லாவற்றுக்கும் கடைசியில் மூட வேண்டும். முதலிலேயே அதை மூடிவிட்டால் மற்றவை ஏன் மூடவில்லை என்பதற்குச் சாட்சியே இருக்காது.

யார் மூடுவது? சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற மாவட்டம் இது. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். அரசியலை விடுங்கள்; கணக்கு 99க்குச் சரியாக வருகிறது, பெயர் இல்லாத குதம் ஒன்றும் மிச்சமில்லை. மென்பொருளிலும் திறந்த ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு பெயர் வேண்டும். விதி எளியது: திறந்தவரே மூட வேண்டும், வெளியிலிருந்து வாங்கியதை மூடக்கூடாது. பிரதான புரோகிராம் கொடுத்த இணைப்புக் குளத்தை, 'ஒழுங்காக நிற்கிறேன்' என்று அறிக்கை மொடியூல் மூடிவிட்டால், அறைப் பதிவும் பில்லும் ஒரே அடியில் படுத்துவிடும். மூடாமல் விட்டதைவிட இது மோசம், ஏனென்றால் மூடியவர் நல்லதே செய்தார். இதைச் சரிபார்க்க மாணவரிடம் ஓர் அட்டவணை கேளுங்கள். மொடியூல் தொடுகிற ஒவ்வொரு வளமும் ஒரு வரிசை; யார் திறந்தார், யார் மூடுவார், எப்போது. வெறுமையாக இருக்கிற கட்டம்தான் கசிவு.

அடுத்தது லிசினர்கள், அதாவது ஒரு நிகழ்வு நடந்தால் அழைக்கச் சொல்லிப் பதிந்து வைக்கும் செயற்கூறுகள். ஆயுள் குறைந்த திரை ஒன்று, ஆயுள் நீண்ட நிகழ்வு மையத்தில் தன் பெயரைப் பதிகிறது. திரை போன பிறகும் மையம் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். குப்பை சேகரிப்பானுக்கு அது உயிரோடு இருப்பதாகத்தான் தெரியும். பதிவை நீக்கினால் சரி என்று மாணவருக்குத் தெரியும், நீக்கும் வரியும் எழுதியிருப்பார், ஆனாலும் நீங்காது. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு வழக்கமான காரணம்: சேர்க்கும்போது ஒரு பெயரற்ற செயற்கூறு, நீக்கும்போது அதே எழுத்துள்ள இன்னொரு பெயரற்ற செயற்கூறு. எழுத்து ஒன்றானாலும் பொருள் இரண்டு. பைண்ட் போட்டு எழுதுகிறவர்களுக்கும் இதே கதி, ஏனென்றால் அது ஒவ்வொரு தடவையும் புதிய செயற்கூறைத் தரும். கேப்சர் என்ற தெரிவும் இரு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். நீக்க முடியாவிட்டால் உலாவி ஒரு முணுமுணுப்பும் காட்டாது. இந்த வம்பு வேண்டாம் என்றால் ஒரு திரைக்கு ஓர் அபோர்ட்கன்ட்ரோலர் வைத்து, அதன் சமிக்ஞையை எல்லா லிசினருக்கும் எல்லா ஃபெட்ச் அழைப்புக்கும் கொடுத்துவிடலாம். திரை போகும்போது ஒரே ஒரு அபோர்ட், எல்லாம் அறுந்துவிடும்.

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கற்பிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022இல் வந்த ரியாக்ட் 18, ஸ்ட்ரிக்ட் மோட் இருந்தால், உருவாக்கச் சூழலில் ஒவ்வொரு கூறையும் ஒரு தடவை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்க்கும். கூறு ஏறும்போது ஓடும் யூஸ்எஃபெக்ட் இரண்டு தடவை ஓடுவதைக் கண்ட மாணவர் ஸ்ட்ரிக்ட் மோடைக் கழற்றிப் போட்டுவிட்டு 'சரிப்பண்ணிட்டேன் சேர்' என்பார். அவர் கழற்றியது புகை காட்டும் மணியை. துப்புரவுச் செயற்கூறைத் திருப்பித் தராத யூஸ்எஃபெக்டைப் பிடிக்கவே அந்த ஏற்பாடு.

சேர்வர்ப் பக்கம் ஓடும்போதே மொடியூலைக் கழற்றிப் பூட்டுவதற்கென்று உருவானது ஓ.எஸ்.ஜி.ஐ. 1999இல் தொடங்கிய கூட்டமைப்பு அது. எக்லிப்ஸ் 2004இல் தன் 3.0 பதிப்பை அதன் மேல் கட்டியது. இன்று உங்கள் மாணவர் அதில் வேலை செய்யாவிட்டாலும், ஒரு நாள் வகுப்புக்கு அது தகும். பண்டில் எனப்படும் கூறு ஒன்று நிற்கும்போது அது பதிந்த சேவைகளைச் சட்டகமே நீக்கும், அது பயன்படுத்திய சேவைகளை விடுவிக்கும், சட்டகத்தில் பதிந்த லிசினர்களையும் அகற்றும். ஆனால் பண்டில் தானே கிளப்பிய த்ரெட்டையும் திறந்த சொக்கெட்டையும் தொடாது. நீக்கிய பிறகும் அதன் வகுப்புகளை (கிளாஸ்) வேறு பண்டில் பயன்படுத்தினால், புதுப்பிக்கச் சொல்லும்வரை பழைய நிரலே உள்ளே இருக்கும். 'புதுப் பதிப்புப் போட்டேன், பழைய பிழையே வருகிறது' என்ற புலம்பலின் வேர் அங்கே.

ஜாவா வலைச் சேர்வரான டொம்கட்டிலும் இதன் தங்கை உண்டு. வலைச் செயலியை இறக்கி ஏற்றும்போது, அதன் ஒரே ஒரு த்ரெட் உயிரோடு மிஞ்சினால் போதும். த்ரெட் அதன் வகுப்பேற்றியை (கிளாஸ்லோடர்) பிடிக்கும், வகுப்பேற்றி செயலியின் எல்லா வகுப்பையும் பிடிக்கும். சில ஏற்றங்களில் மெட்டாஸ்பேஸ் (வகுப்புகள் இருக்கும் நினைவகப் பகுதி) நிரம்பிவிடும். பொதுத் த்ரெட் குளத்தில் மறந்துவிட்ட த்ரெட்லோக்கல் (த்ரெட்டோடு ஒட்டிய மாறி), நீக்காமல் விட்ட ஜே.டி.பி.சி. (தரவுத்தள இணைப்பு) டிரைவர் பதிவு இரண்டும் இதே வேலையைச் செய்யும். டொம்கட் இவற்றைக் கண்டால் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதும், த்ரெட்டின் பெயரோடு. வாசிப்பார்தான் இல்லை. உங்கள் மாணவர்களின் த்ரெட்டுகளுக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள்: 'குறுஞ்செய்தி-1' என்று. 'த்ரெட்-17' என்ற பெயரை வைத்துக்கொண்டு எவரும் எதையும் தேட முடியாது.

சி, சி பிளஸ் பிளஸில் பகிர் நூலகத்தை ஓட்டத்தில் இறக்குவது இன்னும் ஆபத்து. இறக்கியதும் நிரலே நினைவகத்திலிருந்து போய்விடும். எங்கோ மிஞ்சிய கோல்பேக் ஒன்று அந்த முகவரிக்குத் தாவினால் செக்மென்டேஷன் ஃபோல்ட், புரோகிராமே விழுந்துவிடும். எங்கள் கருத்து: மாணவச் செயற்றிட்டத்தில் இறக்கவே வேண்டாம். கழற்ற வேண்டிய கூறைத் தனிச் செயல்முறையாக ஓட விடுங்கள். அது செத்தால் இயங்குதளம் துடைக்கும். தற்காலிகக் கோப்புகள், பெயரிட்ட பகிர் நினைவகம், தொலைவிலுள்ள சேர்வரில் திறந்த அமர்வு போன்றவை துடைபடாது. அவற்றை மட்டும் தனியே கவனித்தால் போதும்.

நிறுத்தும் வரிசைக்கு வருவோம். கரைவலை இழுக்கிறவர் மடி கரைசேருமுன் கம்பாவை (இழுக்கும் கயிற்றை) விடமாட்டார். கையில் இருக்கிற வேலை முடியுமுன் தரவுத்தளத்தை மூடுவது அதற்குச் சமன். முதலில் புதிய வேலை வருவதை நிறுத்த வேண்டும்: துறையை (போர்ட்) மூடு, வரிசையிலிருந்து எடுப்பதை நிறுத்து, டைமரை நிறுத்து. பிறகு கையில் இருப்பதை முடிக்க ஒரு கெடு. கெடு கடந்தால் ரத்து. அதன் பின் இடைநினைவில் இருப்பதை எழுதி, இணைப்புகளை மூடி, பதிவேட்டை மூட வேண்டும். கெடு எவ்வளவு என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை. மென்பொருளைப் பெட்டியில் அடைத்து ஓட்டும் டொக்கர், நிறுத்தச் சொன்னால் வழக்கமாக 10 விநாடி பொறுக்கும். அத்தகைய பெட்டிகளை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் 30. லினக்ஸில் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டி வழக்கமாக 90. அதற்குள் நிற்காவிட்டால் சிக்கில் என்ற கொல்லும் சமிக்ஞை, பேச்சு வார்த்தை இல்லை. 30 விநாடியை எப்படிப் பங்கிடுவது? வரவை நிறுத்த 5, கைவேலைக்கு 15, எழுதி மூட 5, மிச்சம் 5 கைக்காவல். டொக்கர் கோப்பில் தொடக்கக் கட்டளையைச் சதுர அடைப்புக்குள் பட்டியலாக எழுதாமல் வெறும் வரியாக எழுதினால், பல வேளைகளில் ஷெல் முதல் செயல்முறையாக இருந்துகொண்டு, நிறுத்தச் சொல்லும் சமிக்ஞையான சிக்டெர்மைக் கீழே கடத்தாது. மாணவர் எழுதிய நிறுத்த நிரல் அழகாக இருக்கும், ஒரு நாளும் ஓடியிருக்காது. நிறுத்த எப்போதும் சரியாக 10 விநாடி பிடித்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதன் மறுபக்கம். நிறுத்தம் ஓடும் என்று நம்பித் தரவைப் பணயம் வைக்கக்கூடாது. மாரியில் இடி விழுந்து கரண்ட் போனால் எந்த மொடியூலுக்கும் 'நிறுத்து' வராது. ஆண்ட்ராய்டில் ஒன்டிஸ்ட்ரோய் அழைக்கப்படும் என்ற உறுதியே இல்லை. ஆகவே பில் சேமிப்பது பரிவர்த்தனைக்குள் அந்தக் கணமே நடக்க வேண்டும், நிறுத்தும்போது அல்ல. பூட்டுக் கோப்பில் செயல்முறை எண்ணை எழுதி வைத்துவிட்டு, கரண்ட் வந்த பிறகு 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று தொடங்க மறுக்கும் புரோகிராம்கள் நிறைய. எஃப்லொக் என்ற இயங்குதளப் பூட்டைப் பயன்படுத்தினால் செயல்முறை சாகும்போது கருவே பூட்டை அவிழ்த்துவிடும். தொலைவில் எடுக்கும் பூட்டுக்குக் காலாவதி வேண்டும். முன்னைய ஓட்டம் விட்டுப்போன தற்காலிகக் கோப்புகளைத் தொடக்கமே பெருக்கட்டும்.

மொடியூலை ஒரேயடியாகக் கைவிடும்போது செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாக: குறித்த நேரத்தில் ஓடச் சொல்லும் கிரோன் வரிகள், தரவுத்தளப் பயனர், குறுஞ்செய்திச் சேவையின் இரகசியச் சாவி, வெளியார் நம்மை அழைக்கும் வெப்ஹூக் முகவரி, அமைப்புக் கோப்பில் இருக்கிற வரிகள். மொடியூலின் தரவுத்தள அட்டவணையைக் கடைசியில், ஒரு பதிப்புக் காலம் யாரும் தொடவில்லை என்று பதிவேட்டில் கண்ட பிறகே நீக்க வேண்டும்.

இனிப் புள்ளி. 15ஐ இப்படிப் பிரிக்கலாம் என்று நினைக்கிறோம்.

6 புள்ளி: ஒரு மொடியூலைத் தொடங்கி நிறுத்துவதை முதலில் 10 தடவை செய்யுங்கள், வகுப்புகள் ஏறி, இடைநினைவுகள் நிரம்பிச் சமநிலைக்கு வரட்டும். எண்ணுங்கள். பிறகு 100 தடவை. மறுபடி எண்ணுங்கள். திறந்த கோப்பு, த்ரெட், தரவுத்தள இணைப்பு மூன்றிலும் வித்தியாசம் பூச்சியமாக இருக்க வேண்டும். லினக்ஸில் புரொக் அடைவில் செயல்முறை எண்ணுக்குக் கீழே எஃப்.டி. அடைவில் எத்தனை வரி என்று எண்ணினால் கோப்புக் கணக்கு. ஆய்வுகூடத்தில் விண்டோஸ் என்றால் டாஸ்க் மனேஜரின் விவரப் பக்கத்தில் ஹேண்டில்ஸ், த்ரெட்ஸ் என்ற நிரல்களைக் காட்டச் செய்தால் போதும். இணைப்புக்குப் போஸ்ட்கிரெஸின் பிஜி-ஸ்டாட்-அக்டிவிட்டி. உலாவித் திரை என்றால் குரோமின் ஹீப் படத்தில் 'டிட்டாச்ட்' என்று தேடுங்கள். நினைவக அளவை மட்டும் பார்த்துப் புள்ளி குறைக்க வேண்டாம். அது ஏறி இறங்கும்.

3 புள்ளி: அச்சுப்பொறிக் கேபிளைப் பிடுங்கிவிட்டு 20 தடவை தொடங்கச் சொல்லுங்கள். இணைப்பு எண்ணிக்கை ஏறக்கூடாது.

2 புள்ளி: நிறுத்து, மறுபடி நிறுத்து. தொடங்கும்போதே நிறுத்து.

4 புள்ளி: பில் ஒன்று பாதியில் இருக்கும்போது கில் மைனஸ் 9 கட்டளையால் புரோகிராமைக் கொல்லுங்கள். திரும்பத் தொடங்க வேண்டும், ஒரு தொட்டுத் துடைப்பும் இல்லாமல். அந்த பில் முழுதாக இருக்க வேண்டும், அல்லது அறவே இருக்கக்கூடாது.

ஒரு குழுவுக்கு இவ்வளவும் பார்க்க அரை மணித்தியாலம் போதும். 100 சுழற்சிக்கான சிறு நிரலை மாணவரே எழுதிக் கொண்டுவரட்டும். அதை எழுதும்போதே பாதிக் கசிவை அவர் கண்டுவிடுவார்.

நோட் ஜே.எஸ்.இல் செய்தவர்களிடம் இன்னொரு கேள்வி. எல்லா வேலையும் முடிந்த பிறகு புரோகிராம் தானாக முடிகிறதா? முடியாவிட்டால் ஏதோ ஒரு டைமரோ சொக்கெட்டோ திறந்திருக்கிறது. நிரலின் கடைசியில் புரொசஸ்.எக்ஸிட் (திறந்திருப்பதைப் பாராமல் முடித்துவிடும் கட்டளை) என்று ஒரு வரி தனியாக நின்றால், அதை அழித்துவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையில் மென்பொருள் பராமரிப்போர் சிலர்

பி.கு.: முதல் வருடம் 15 அதிகம் என்று தோன்றினால், 6 புள்ளிப் பரிசோதனையோடு மட்டும் தொடங்குங்கள். ஆனால் செயற்றிட்டம் கொடுக்கிற நாளிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். சமர்ப்பிக்கிற கிழமையில் சொன்னால் எல்லோரும் புரொசஸ்.எக்ஸிட் போட்டுக்கொண்டுதான் வருவார்கள்.